ரெலிபோனில் அக்கா சொன்ன பெயர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் சொல்லிவிடுவார். அக்காவின் புருஷன், என் அத்தானின் பெயரைச் சொல்ல எனக்குத் தடையில்லை. நமசிவாயம். யாழ்ப்பாணம் பெரியகடையில் சுருட்டு வியாபாரம் செய்தவர். அந்தப் பெயரோடு படாத பாடு பட்டவள் என் அக்கா குணலட்சுமி. விபூதி பூசும்போது ஊரே "நமசிவாய" என்னும். அக்கா மட்டும் "சிவசிவா" என்று ஒதுங்கிக்கொள்வாள். புருஷனின் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையுமாம். பிள்ளைக்குக் கடவுள் பெயரை வைத்துவிட்டு, அவனைக் கட்டியவளுக்குக் கடவுளையே கூப்பிட முடியாமல் செய்த புத்திசாலிகள் யாரோ தெரியாது.

அக்கா மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் இருந்து படித்தவள். இங்கிலீசு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அத்தான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றவர். அவருடைய சுருட்டில் பெரும்பங்கை, மலைநாட்டுத் தோட்டக் கடைகளுக்குச் சாமான் அனுப்பும் கொழும்புக் கொம்பனி ஒன்று வாங்கியது. அந்தக் கொம்பனித் துரைக்குத் தமிழ் வராது. கடைக்கு ரெலிபோன் எடுத்த நாளிலிருந்து எல்லாப் பேச்சும் இங்கிலீசில்தான். அத்தான் சமாளித்தார். எப்படிச் சமாளித்தார் என்பது அவர் சாப்பிடும் நேரத்தில் அந்த வீட்டுக் குசினியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

"இஞ்சாரும், விலை இறங்காது எண்டதை முகம் முறியாமல் எப்பிடிச் சொல்லுறது?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்.

"'வீ ரிக்ரெட்' எண்டு தொடங்குங்கோ. மனவருத்தப்படுறம் எண்டு அர்த்தம்" என்பாள் அக்கா. "சொல்லுக்குத்தான் வருத்தம். விலைக்கு இல்லை."

"துரை 'வீ வில் கன்சிடர்' எண்டு சொன்னால்?"

"யோசிப்பம் எண்டு சொல்லிப் பயமுறுத்துறார். அப்ப நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. அவர் வாய் திறக்குமட்டும் பொறுங்கோ."

பொறுப்பதுதான் அத்தானுக்கு வராது. மறுமுனை மௌனமானால் அவருக்கு வியர்க்கும், உடனே கொஞ்சம் இறங்கிவிடுவார். மற்றச் சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் ரெலிபோனில் கணீரென்று சொல்வார். பெரியகடையில் அவரைக் கெட்டிக்காரன் என்றார்கள். அக்காவின் சொல்லுக்கு அத்தானின் வாய் வாடகைக்கு இருந்தது என்று நான் ஒருநாள் சொன்னேன். அக்கா அகப்பையை ஓங்கினாள், ஆனால் மறுக்கவில்லை.

1938ஆம் ஆண்டு கார்த்திகையில் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் அச்சுவேலியிலிருந்து அக்காவுக்குத் துணையாக வந்து நின்றேன். மார்கழி பிறந்ததும் துரை கூப்பிடுவார். அடுத்த வருடத்துக்கான பேச்சை அப்போதுதான் முடிப்பது வழக்கம். அந்தப் பேச்சு முறிந்தால் சுருட்டுக் கொட்டிலை மூடவேண்டியதுதான். சுருட்டுச் சுற்றுகிறவர்களின் குடும்பங்களோடு, அக்காவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் தெருவில் நிற்கவேண்டியதுதான்.

அத்தானின் தம்பி கனகசபாபதி அப்போது மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே கிளாக்கர் உத்தியோகம். இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவார்.

"துரையோடை நான் கதைக்கிறன், மச்சாள். ஆனால் கடையை என்ரை பேரிலை எழுதித் தரவேணும். படுக்கையிலை கிடக்கிற ஆளின்ரை பேரிலை ஆர் வியாபாரம் செய்வினம்?" என்றார்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேண்டாம், தம்பி. நான் கதைப்பன்."

துரை கூப்பிடும் நாளில் அக்கா சலவைச் சேலை உடுத்து, குங்குமப் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் போனேன். அத்தானின் கதிரையில் அவள் உட்கார்ந்தபோது கடைக்கணக்கர் சிமியோன் எழுந்து நின்றார். கனகசபாபதியும் வந்து, கூப்பிடாத விருந்தாளியாக வாசலில் சாய்ந்துகொண்டார். ரெலிபோன் அடித்தது.

"ஹலோ" என்றாள் அக்கா, பிசிறில்லாமல்.

முதலில் வந்தது துரையல்ல, ரெலிபோன் கந்தோரில் தொடர்பு கொடுக்கிறவன். கொழும்பிலிருந்து அழைப்பு, பேசுவது எந்தக் கடை, பெயரைச் சொல்லுங்கள் என்று இங்கிலீசில் கேட்டான். அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பேரத்துக்கு வேண்டிய சொல்லையெல்லாம் இரவிரவாக அடுக்கி வைத்திருந்தவள், இந்த ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கவேயில்லை. கடைக்கும் அத்தானின் பெயர்தான். பெரியகடைச் சுருட்டுக்கடை என்றாள். பெயர் வேண்டும் என்றான். முதலாளியின் மனைவி பேசுகிறேன் என்றாள். எந்த முதலாளி என்றான். சிமியோன் மேசையைச் சுற்றி ஓடிவருவதற்குள், தவறான இடம் என்று சொல்லித் தொடர்பை வெட்டிவிட்டான்.

கனகசபாபதி சிரித்தார். "இங்கிலீசெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைக்குத்தான் பேரில்லை."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணை கிடக்கிற கிடையிலை அவற்றை பேரை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்குமெண்டு தெரியும்தானே, மச்சாள். பிறகு ஊர் உங்களைத்தான் சொல்லும்."

மலாயாவில் வெள்ளைக்காரரோடு மேசையில் சாப்பிட்ட மனிதர் சொல்கிற பேச்சு இது. அதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், ஒரு மண்ணும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. அதுதான் அவர் பிடித்த பிடி.

அன்று பின்னேரம் அக்கா அத்தானின் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இவற்றை பேரைப் பல்லுக்குப் பின்னாலை வைச்சுக் காத்தனான். சாமியைக்கூடப் பேர் சொல்லிக் கும்பிடேல்லை. பிறகு ஏன் இந்த வருத்தம் வந்தது? சொல்லாமல் விட்டதாலை ஒரு நாள் கூடினதோ?"

நான் கஞ்சியைச் சூடாக்க எழுந்து போனேன்.

பேச்சு முடியாததால் துரை மறுநாளும் கூப்பிடுவார் என்று கடைக்குப் போனோம். சிமியோன் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, இண்டைக்குப் பேரை நான் சொல்லிப்போட்டு ரெலிபோனை உங்கடை கையிலை தாறன்."

"வேண்டாம், சிமியோன். இவ்வளவு காலமும் என்ரை சொல்லை இன்னொரு வாய் சொன்னது. இனித் தேவையில்லை."

கனகசபாபதியும் அதே வாசலில் நின்றார். ரெலிபோன் அடித்தது. அக்கா எடுத்தாள். மறுமுனையில் அதே கேள்வி. அவள் கண்ணை மூடவில்லை, வாசலில் நின்றவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நமசிவாயம் அன்ட் கொம்பனி. ஸ்பீக்கிங்."

கடைக்குள் தராசில் புகையிலை நிறுத்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். சிமியோன் சிலுவை போட்டுக்கொண்டார். கனகசபாபதியின் வாய் திறந்தபடி இருந்தது.

துரை ரெலிபோனுக்கு வந்தார். மிஸ்டர் நமசிவாயத்தோடு பேச வேண்டும் என்றாராம். நீங்கள் நமசிவாயம் கொம்பனியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள் அக்கா. ஒருமுறை சொன்ன வாய்க்கு இரண்டாம் முறை இலகுவாக இருந்தது. முதலாளி நோயில் இருக்கிறார் என்று அக்கா சொன்னதும், சரக்கு வருமோ என்ற பயம் தங்களுக்கு உண்டு, அதனால் விலையைக் குறைக்க வேண்டும் என்று துரை தொடங்கினார்.

"வீ ரிக்ரெட்" என்றாள் அக்கா.

அப்படியானால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் துரை. அத்தான் வியர்க்கும் இடம் அதுதான். அக்கா பேசவில்லை. சிமியோன் இருமப் போனார், கையைக் காட்டி அடக்கினாள். ஒரு மாட்டுவண்டில் கடையைக் கடந்து மற்றத் தெருவுக்குத் திரும்பும் வரை அந்த மௌனம் இருந்தது. பிறகு துரைதான் கேட்டார், இருக்கிறீர்களா என்று.

"யெஸ். வெயிற்றிங்."

பழைய விலைக்கே துரை சம்மதித்தார். அதைக் கடிதத்திலும் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு அக்கா ரெலிபோனை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, திருநீற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். "நமசிவாய" என்று சொல்லி அத்தானின் நெற்றியில் பூசினாள். அத்தான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "கொழும்பு முழுக்கக் கேட்டிட்டுது. நீங்களும் கேளுங்கோ" என்று சொல்லி இன்னொரு தரம் சொன்னாள். அவருடைய கோணிய வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. அழுகிறாரென்று நினைத்தேன். சிரித்தார்.

பெயர் சொல்லப்பட்ட அந்த மனிதர் அதற்குப் பிறகு யுத்தம் தொடங்கி முடிந்து, அரிசிக் கூப்பனுக்கு நாங்கள் வரிசையில் நின்ற காலமெல்லாம் கடந்து, மூத்த மகளின் கலியாணத்தையும் கதிரையில் இருந்து பார்த்தார். அவ்வளவு நாளும் காலையில் கடையில் முதலில் கேட்பது அவர் பெயர்தான், அக்காவின் வாயால். போன மாதம்தான் மோசம் போனார். செத்தவீட்டில் ஒருத்தி, "புருஷன்ரை பேரை ரெலிபோனிலை கூவினவள்தானே" என்று பக்கத்தில் இருந்தவளின் காதில் முணுமுணுத்தாள். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஓம், நமசிவாயம் எண்டு நான்தான் சொன்னனான். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். குறையிருந்தால் அவர் எழும்பி வந்து சொல்லட்டும்" என்றாள். பிறகு பிரேதத்தின் பக்கம் திரும்பி, அந்தப் பெயரைச் சொல்லியே அழுதாள்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. என் வீட்டுக்காரரின் பெயர் பொன்னம்பலம். இதோ எழுதிவிட்டேன், இப்போது உரக்கவும் சொல்லிப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து, "என்னப்பா, கூப்பிட்டனீரோ?" என்று கேட்கிறார்.