ஆளுநர் போன கையோடு கூட்டாத அறை

ஒரு கதவில் தொங்கிய அட்டையால் எங்கள் ஜெயந்திக்கு வேலை போகப் பார்த்தது. ஹோட்டல் வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகள் அறியட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் துப்புரவு செய்து பென்சன் எடுத்தவள். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனால் நான் விரித்த கட்டிலில் ஒரு சுருக்கம் காட்ட எந்த மனேஜராலும் முடிந்ததில்லை.

1. வந்தவர்

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னம், அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆளுநர் எங்கள் மாடியில் வந்து தங்கினார். வியாபாரக் கூட்டம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ரி.வி.யில் வேறு கதை. ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறவர் தனக்குத் துணை ஜனாதிபதியாக இவரைச் சேர்ப்பாரா மாட்டாரா என்று நாள் முழுக்க அதே பேச்சு.

எங்கள் நாட்டில் ஆளுநரை ஜனாதிபதிதான் பிடித்து இருத்துவார். அங்கே சனம் வோட்டுப் போட்டு வருகிற ஆளாம். தன் மாநிலத்தில் முதல் கதிரையில் இருக்கிற மனுசன் ஏன் இரண்டாம் கதிரைக்கு அலைகிறார் என்று எனக்கு அப்போதே ஐமிச்சம்.

கீழே லொபியில் பத்திரிகைக்காரர் குந்தியிருந்தார்கள். அதில் ஒருவன், கண்ணாடி போட்டவன், எந்நேரமும் பல்லைக் காட்டுகிறவன், எங்கள் மாடிக்கே ஏறி வந்து ஜெயந்தியின் துப்புரவு வண்டிலை மறித்துக் கதைத்ததைக் கண்டேன். அதையும் மனதில் போட்டு வைத்தேன். ஜெயந்தி என்னோடு ரூம் துப்புரவு செய்கிறவள், நகர் ஓரம் மில்லிக்கனிலிருந்து வருகிறவள், புரபேஷன் முடியாமல் வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். புருசனுக்கு முதுகு வருத்தம், வேலையில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

2. அட்டை

அன்று காலை ஆளுநர் எங்கள் வேலைக்காரர் லிப்டால் இறங்கினார். லொபியில் நின்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று. லிப்டுக்குள் ஏற முன் ஜெயந்தியைப் பார்த்து, "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று இங்கிலீசில் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். நான் மற்றப் பக்கத்து அறைகளுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ரி.வி.யைப் பார்த்தால் எங்கள் மாடிக் கதவு! 'தொந்தரவு செய்யவேண்டாம்' அட்டை தொங்குகிறது. ஆளுநர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே பெரியவர்களோடு போனில் பேரம் பேசுகிறாராம். கண்ணாடிக்காரன் கொரிடோரில் நின்று எடுத்த படம்.

உள்ளே ஆளே இல்லை. அட்டையை யார் கொழுவியது?

ஆளுநரின் காரியதரிசி அம்மா பறந்து வந்தார். ஜனாதிபதிக்கு நிற்கிறவரின் ஆட்கள் போனெடுத்துக் கத்தினார்களாம். ஆளுநரின் ஆட்களான நாங்களே கதை பரப்புகிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், உங்கள் வேலைக்காரர் யாரோ காசு வாங்கிப் போட்ட நாடகம் இது என்று மனேஜரிடம் பாய்ந்தார். அந்த அறை அன்று ஜெயந்தியின் பொறுப்பு. அவளை அன்றே நிறுத்துகிற கதை தொடங்கிவிட்டது.

எனக்கும் அவள் மேலேதான் ஐமிச்சம். துவாய் அடுக்குகிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்தக் கண்ணாடிக்காரன் உனக்கு என்ன தந்தவன்?"

"ஆண்டவரறிய ஒண்டும் இல்லை அன்ரி. வோஷ்றூம் எங்கையெண்டு கேட்டவன்."

"அப்ப அட்டையை ஏன் கொழுவினனி?"

அழுதுகொண்டு சொன்னாள். "நல்ல காரியமாப் போற மனுசன். போன கையோட கூட்டுறதே? தூசி உறிஞ்சுற வக்கியூமைக் கையில எடுக்கவே மனம் வரேல்லை. போய்ச் சேரட்டும், பிறகு கூட்டுவம் எண்டு விட்டனான். சும்மா விட்டா சூப்பவைசர் ரஞ்சன் வந்து, ஏன் கூட்டேல்லையெண்டு கத்துவான். அதுதான் அட்டையைக் கொழுவினனான்."

"விசரி! அவர் என்ன உன்ர கூடப்பிறந்த தமையனே?"

ஏசினேனே தவிர, என் நெஞ்சில் பாரம் இறங்கிவிட்டது.

3. லோண்டரிக்குப் போன போன் கோல்

எங்கள் சூப்பவைசர் ரஞ்சன் தமிழ்ப் பொடியன்தான். விசயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்தான்.

"அன்ரி, உந்தக் கதையை நான் இங்கிலீசில சொன்னா என்னையும் சேத்து அனுப்புவாங்கள்."

"நீர் சொல்லாட்டி நான் சொல்லுறன்" என்று மனேஜரின் அறைக்குள் போனேன். தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். காரியதரிசி அம்மா உதட்டைச் சுழித்தார். இப்போதுதான் நீயும் அந்தப் பெண்ணும் சேர்ந்து கட்டிய கதை என்றார்.

"அப்ப கீழ துணி தோய்க்கிற லோண்டரியில பரமேஸ் அக்கா நிக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. கேளுங்கோ" என்றேன். தமிழில் கேட்டால் சொல்லிக்கொடுப்போமாம், இங்கிலீசில்தான் கேட்கவேண்டுமாம். கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்த ரஞ்சன் போன் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டான். ஒருவர் நல்ல விசயமாக வீட்டால் வெளிக்கிட்டால், உடனே வீட்டில் என்ன செய்யக்கூடாது?

பரமேஸ் அக்கா யோசிக்கவே இல்லை. "நோ ஸ்வீப்! நோ ஸ்வீப்!" என்று கத்தினார். பிறகு தமிழில், "சவம் எடுத்த வீட்டிலதான் தம்பி உடன கூட்டிக் கழுவுறது. ஏன், ஆரும் செத்துப் போட்டினமோ?"

ரஞ்சன் அதை இங்கிலீசில் சொன்னபோது வாசலில் ஒரு சிரிப்புக் கேட்டது. ஆளுநர் திரும்பி வந்து நின்றார். அந்தப் பெண்ணை விடுங்கள், என்னிடம் ஒன்றும் கேட்காமல் எனக்கு நல்லது நினைத்தவர் இவர் ஒருவர்தான் என்று மனேஜரிடம் சொன்னார். பிறகு மெல்ல ரஞ்சனைக் கேட்டார், இப்போது அந்த அறை கூட்டியாயிற்றா?

"யெஸ் சேர்! தெரிஞ்ச உடன நானே நிண்டு வக்கியூம் பிடிச்சிட்டன்" என்று ரஞ்சன் இங்கிலீசில் பெருமையாகச் சொன்னான்.

ஆளுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நான் ஜனாதிபதிக்கு நிற்கிறவரின் ஆட்களோடு கதைத்துக்கொண்டல்லவா இருந்தேன் என்றார். பிறகு சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் துணை ஜனாதிபதிக்கு வேறொருவரை அறிவித்தார்கள். ஜெயந்தியின் வேலை நிரந்தரமானது.

பூட்டிய கதவைப் பார்த்து ரி.வி.க்காரர் உள்ளே ஆள் இருக்கிறார் என்றார்கள். காரியதரிசி அம்மா லஞ்சம் என்றார். நானும் என் ஆளையே களவில் சேர்த்தேன். உள்ளே கிடந்தது கூட்டாத கார்ப்பெற் மட்டும். கூட வேலை செய்கிறவளில் ஐமிச்சம் வந்தால் முதலில் அவளிடமே கேளுங்கள். நான் கேட்கப் பிந்தியிருந்தால் அவள் வீட்டில் அடுப்பு எரிந்திராது.

ஆனால் ரஞ்சன் பிடித்த அந்த வக்கியூமில் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஐமிச்சம்தான்.