ஃபெயில் போடத் தெரியாத மாப்பிள்ளை

என் தங்கை புருஷனுக்குப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வண்டிகளின் புகையைச் சோதித்துச் சர்டிபிகேட் கொடுப்பது தொழில். ஒன்பது வருஷத்தில் ஒரு வண்டிக்குக்கூட ஃபெயில் போட்டதில்லை என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். ராசியான கையாம். மண்ணாங்கட்டி!

நம்பர் பிளேட்டைக் கேமராவில் பிடிப்பார். புகைக்குழாயில் செருக வேண்டிய கம்பி வெளியே தொங்கும். மெஷின் என்ன செய்யும் பாவம், வெறுங்காற்றை மோந்து பார்த்துச் சுத்தம் என்று எழுதிவிடும்.

நான் ஓட்டுவது ஸ்கூல் வேன். பதினாறு பிள்ளைகள். டீசல் புகை தரை ஓட்டை வழியாக உள்ளே ஏறுகிறது. பின்சீட்டில் தினமும் இருமல், வாந்தி. ரிப்பேர் பார்க்கச் சொன்னால் வேன் முதலாளி சர்டிபிகேட்டைத் தட்டிக் காட்டுவான்.

"மெஷினே நல்லா இருக்குன்னு சொல்லுது. நீ என்ன பெரிய டாக்டரா? ஓட்ட முடியலைன்னா சாவியைக் குடுத்துட்டுப் போ."

நான் போனால் இன்னொருவன் ஓட்டுவான். பிள்ளைகளுக்கு அதே புகைதான். அந்தக் காகிதத்தில் ஃபெயில் என்று விழுந்தால் மட்டுமே வேன் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கும். போன வாரம் பழைய சர்டிபிகேட்டின் கெடு முடிந்தது. புதிது எடுத்துவர முதலாளி என்னையே அனுப்பினான். நேரே கொட்டகைக்குப் போனேன்.

"மாப்பிள்ளை, உங்க கால்ல விழுறேன். இந்த ஒரு தடவை கம்பியை உள்ள விட்டு நிஜமா பாருங்க. ஃபெயில் போடுங்க."

"என்ன மச்சான், உங்க வண்டிக்குப் போய் ஃபெயிலா? அவ்வளவு கல் நெஞ்சனா நான்?" சிரித்துக்கொண்டே பாஸ் அடித்து நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஸ்கூல்வரை ஓட்டினேன். கண் சிவக்க இறங்கியவர் சாக்கடை ஓரம் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார்.

"இப்பவாவது தெரியுதா?"

"தெரியுது மச்சான். நாளைக்கே ஏதாவது பண்றேன்" என்றார், வாயைத் துடைத்தபடி. நானும் நம்பித் தொலைத்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அவர் மகள் தினமும் என் பக்கத்து சீட்டில்தான் வருவாள். தங்கை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா இனிமே வேன்ல வரமாட்டா அண்ணா. அவங்கப்பாவே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டுட்டாரு."

பின்னால் மற்ற பதினைந்து பிள்ளைகளும் இருமிக்கொண்டிருந்தார்கள். அடப்பாவி மனுஷா!