இல்லாத துணிக்கு வந்த புகார்

ஊசி என்ற பெயர் அவளுக்குத் தையல் ஆலையில் விழுந்தது. ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். மாதிரிச் சட்டை தைக்கும் மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தும் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு என்பது இன்னொன்று. "ஊசி கீழ விழுந்தாலாவது சத்தம் கேக்கும், இவ வந்துட்டுப் போனா அதுவும் கேக்காது" என்று மேற்பார்வைக்காரர் ஒருநாள் சொன்னார். மேசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

முப்பத்தெட்டாவது வயதில் வலது மணிக்கட்டு கெட்டுப்போனது. இனிமேல் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். வேறு எதைத் தொடுவது என்று அவர் சொல்லவில்லை. வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஏதோ ஓர் அலுவலகத்தில் தூக்கிப் போட இருந்த கம்ப்யூட்டரை அவர் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலோரம் வைத்தார். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இதைப் பார்க்கட்டும் என்றுதான்.

அதில்தான் அவள் அந்த நகரத்தைக் கண்டாள். செங்கல்லும் சிமெண்டும் இல்லாத நகரம், திரைக்குள்ளேயே இருப்பது. உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஜனங்கள் ஆளுக்கொரு பொம்மையாக உள்ளே வருகிறார்கள், நடக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், நாற்காலி வாங்குகிறார்கள். பொம்மை என்றால் உடுத்த வேண்டும். உடுத்தக் கடை வேண்டும். அந்தக் கடைகளில் தொங்கிய உடைகளைப் பார்த்ததும் ஊசிக்குப் பொறுக்கவில்லை. பாவாடை மடிப்பு தகரத்தில் அடித்தது போல நின்றது. தோள் தையல் கழுத்துக்கு ஏறிக் கிடந்தது. துணி எப்படி விழும் என்று தெரியாதவர்கள் தைத்தது.

இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகினாள். ஆறு வருடத்தில் அவளுக்கு அந்த நகரத்தில் ஒரு கடை இருந்தது. கடையில் நாற்பத்து மூன்று உடைகள். அங்கே அவள் வாய் ஓயாமல் பேசுவாள். எழுத்தில்தான் பேச்சு, அதனால் குரல் தேவைப்படவில்லை. "இந்த நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்", "அது வேண்டாம், இடுப்பு கனமா காட்டும்" என்று ஒரு முதலாளியம்மா போலப் பேசினாள். வீட்டில் யாருக்கும் அந்த முதலாளியம்மாவைத் தெரியாது.

உடையின் வடிவத்தை அவள் செய்வதில்லை. அது வேறு வித்தை, கணக்குப் படித்தவர்கள் வேலை. வெற்று உருவமாக அதைச் செய்து விற்கும் ஒரு பெண்மணி இருந்தாள். கடைக்காரர்கள் எல்லோரும் அவளை அச்சுக்காரி என்றார்கள். அச்சுக்காரியிடம் உரிமத்தோடு அச்சை வாங்கி, அதன்மேல் துணியின் நிறம், நெசவு, மடிப்பு நிழல், தையல் வரி எல்லாவற்றையும் ஊசி வரைவாள். உரிமம் இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். முதல்நாளே நாத்தனாரைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். சாரம் ஒன்றுதான்: தைத்த உடையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஆனால் வாங்கினவர் அதை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாதபடி பூட்டித்தான் விற்க வேண்டும். பூட்டைத் திறந்து கொடுத்தால் உடையோடு அச்சும் போய்விடும், உரிமம் ரத்து.

பூட்டு என்பது மூன்று சின்னக் கட்டங்கள். நகல் எடுக்கலாமா, திருத்தலாமா, கைமாற்றலாமா. ஊசி எப்போதும் முதல் கட்டத்தில் மட்டும் டிக் போடுவாள்.

மைனா என்று ஒரு வாடிக்கைக்காரி. நிஜத்தில் யார், எங்கே இருக்கிறாள் என்பது தெரியாது. இரண்டு வருடமாகத் தினமும் கடைக்கு வந்தாள். வாங்குகிறாளோ இல்லையோ, "அக்கா சாப்பிட்டீங்களா, கை எப்படி இருக்கு" என்று கேட்காமல் போகமாட்டாள். ஊசியின் மணிக்கட்டைப் பற்றி டாக்டருக்கு அப்புறம் விசாரித்த ஒரே ஆள் அவள்தான்.

அந்த மைனா ஒருநாள் கேட்டாள். "அக்கா, என் தங்கச்சி பேச மாட்டேங்கறா. பெரிய சண்டை. உங்க கவுன் ஒரு பன்னெண்டு அவளுக்குக் குடுத்தா சமாதானம் ஆயிடுவா. நான் வாங்கிக் குடுக்கலாம்னா பூட்டு போட்டிருக்கீங்களே. எனக்கு மட்டும் திறந்து விடுங்கக்கா. நான் என்ன கடையா வைக்கப் போறேன்."

முடியாது என்று எழுத ஊசி விரலை வைத்தாள். எழுத வரவில்லை. அக்கா என்று தினம் கூப்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது. பன்னிரண்டு கவுன்களிலும் மூன்று கட்டத்திலும் டிக் போட்டுக் கொடுத்தாள்.

நான்கு மாதம் கழித்து எதிர்வரிசையில் ஒரு கடை திறந்தது. அதில் தொங்கியது அவளுடைய பன்னிரண்டு கவுன்கள். மடிப்பு நிழல்கூட மாறவில்லை. அதைவிட வேடிக்கை, நகரத்தை நடத்தும் கம்பெனியிடம் இருந்து ஊசிக்குத்தான் புகார்க் கடிதம் வந்தது. எதிர்க்கடைக்காரியின் உடையை நீ திருடி விற்கிறாய் என்று. முதல் கடிதத்துக்கு, வம்பு எதற்கு என்று தானே நான்கு கவுன்களைக் கழற்றிவிட்டாள். இரண்டாவதுக்கு இன்னும் நான்கு. பதில் சொல்லாமல் கழற்றினால் திருட்டை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு என்பது அவளுக்குத் தெரியாது. மூன்றாவது கடிதம் அதைச் சொன்னது. பத்து நாளுக்குள் எதிர்மனு வராவிட்டால் கடை நிரந்தரமாக மூடப்படும். அவள் பெயரில் இனி அந்த நகரத்துக்குள் நுழையவே முடியாது.

மைனாவுக்கு எழுதினாள்: ஏன் இப்படிச் செஞ்சே. பதில் இல்லை. மறுநாள் பார்த்தால் அவளுடைய கடிதமே போய்ச் சேராதபடி மைனா அடைத்து வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"அவதானே திருடி. அப்படின்னு எழுதிப் போடேன். இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுட்டு உக்காந்திருக்கே."

"எழுதலாங்க. யார் துணின்னு காட்டணுமே."

"உன் பேர் இருக்குமே அதுல."

"இருக்காது. அடியில அச்சு செஞ்சவங்க பேர்தான் இருக்கும். என்னுதுலயும் அதே பேர், அவளுதுலயும் அதே பேர். ரெண்டும் ஒண்ணுதான் கம்பெனிக்கு."

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டார். "அப்ப அந்த அச்சுக்காரம்மாவையே கேட்டுச் சொல்லச் சொல்லு. நீ வாங்கின ரசீது அவங்ககிட்ட இருக்கும், அவ வாங்கியிருக்க மாட்டா."

லிஃப்டுக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துப் பழகிய மனுஷர், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அச்சுக்காரியைக் கேட்டால் அவள் முதலில் கேட்கப்போவது, மைனா கைக்கு அது எப்படிப் போனது என்பதுதான். பூட்டைத் திறந்ததை வீட்டுக்காரரிடம் சொல்ல ஊசிக்கு நா எழவில்லை.

நாத்தனார் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருப்பவள், வாய்க்கு மட்டும் பூட்டு இல்லை. "காத்துல துணி தைக்கிறாங்க எங்கண்ணி" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான், ஆனாலும் அவள்தான் ஊசியை வக்கீலிடம் கூட்டிப்போனாள். ஒரே அறை, சுவர் முழுக்க நூல் கட்டிய காகிதக் கட்டு. வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"துணி திருட்டுன்னு சொன்னாங்க. துணி எங்க?"

"கம்ப்யூட்டர்ல சார்."

"கடை?"

"அதுவும் அதுலதான்."

"திருடினவ?"

"அவளும்."

"நல்லவேளை, நீயாவது வெளிய இருக்கியே" என்றார் வக்கீல். நாத்தனார் டைப் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள்.

ஆனால் ஆள் கெட்டிக்காரர். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்த எதிர்மனுப் படிவத்தை வரிவரியாகப் படித்தார். உண்மைப் பெயர், வீட்டு முகவரி, கையெழுத்து. இதில் ஒரு நகல் எதிராளிக்கும் போகும். கடைசியில் ஓர் உறுதிமொழி: இந்தப் பொருள் என்னுடையது, இதற்கான உரிமத்தின் எந்த நிபந்தனையையும் நான் மீறவில்லை, சொன்னது பொய் என்றால் சட்டப்படி வரும் விளைவை ஏற்கிறேன். பக்கத்தில் ஒரு கட்டம்.

"இதுல டிக் போட்டு அனுப்பிடும்மா. முடிஞ்சுது" என்றார்.

ஊசி முந்தானை நுனியைச் சுருட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மீறியிருக்கேன் சார்."

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பன்னிரண்டு கவுன், தங்கச்சி, மூன்று கட்டம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்த அறையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அவளுக்கே நம்பமுடியாமல் இருந்தது.

"அதை யார் பார்த்தா?" என்றார் வக்கீல்.

"அவ பார்த்தா சார். அவகிட்டயே இருக்கு."

"அவ சொன்னா அவ திருடினது வெளிய வரும். வாயத் திறக்க மாட்டா. போடும்மா, எல்லாரும் போடறதுதான்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாத்தனார், "அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா திறக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்ல. படிச்சுச் சொன்னதே நான்தானே" என்றாள். திட்டினால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மூன்று நாள் அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிக் போடுவாள், எடுப்பாள். பொய் சொன்னால் மைனாவின் கையில் தன் வீட்டு முகவரியும் இருக்கும், தன் பொய்யும் இருக்கும். அவள் எப்போது நினைத்தாலும் அதை எடுத்து ஆட்டலாம். ஒன்றும் அனுப்பாவிட்டால் பத்தாம் நாள் கடை இல்லை. உண்மை சொன்னால் அச்சுக்காரி என்ன செய்வாளோ. திருட்டுப் பட்டம் மட்டும் ஒட்டக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. ஆலையில் ஒரு நூல்கண்டு காணாமல் போனாலும் வாசலில் எல்லோர் பையையும் கொட்டிப் பார்ப்பார்கள். பதினாறு வருடத்தில் அவள் பையில் இருந்து வேண்டாதது ஒன்றும் விழுந்ததில்லை. ஐந்தாம் நாள் நாத்தனாரை உட்காரவைத்து அச்சுக்காரிக்குக் கடிதம் சொன்னாள்.

"என்ன எழுத?"

"நடந்ததை எழுது."

"கொஞ்சம் மாத்தி, அவ உங்களை ஏமாத்தி வாங்கினான்னு..."

"ஏமாத்தினாதான். ஆனா டிக் போட்டது நான். அப்படியே எழுது."

எட்டாம் நாள் மதியம் பதில் வந்தது. நாத்தனார் முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு தமிழில் சொன்னாள். மைனா என்னிடம் ஓர் அச்சும் வாங்கியதில்லை. அவள் கடையை மூடவைக்க இன்றே புகார் கொடுத்துவிட்டேன். உங்கள்மேல் வந்த புகார் பொய் என்று கம்பெனிக்கும் எழுதிவிட்டேன், இனி எதிர்மனு தேவையில்லை. நீங்கள் திருடவில்லை.

ஊசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "இப்படி உண்மையை எழுதிய ஒன்பதாவது ஆள் நீங்க. முதல் நாலு பேரை மன்னிச்சேன். அந்த நாலு பேர் திறந்து விட்டதாலதான் என் அச்சுல பாதி இன்னிக்குத் தெருவுல சும்மா கிடக்கு. இதைச் செஞ்சுதான் நானும் என் வீட்டை நடத்தறேன். உங்க உரிமம் எல்லாம் ரத்து. என் அச்சுல தைச்சதை எல்லாம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள நீங்களே அழிச்சுடுங்க. அழிச்சா நான் புகார் எதுவும் கொடுக்க மாட்டேன்."

"எத்தனை அண்ணி அவங்க அச்சுல?"

"எல்லாமே."

"இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கவா? நல்லா எழுதறேன்."

"வேண்டாம். அவங்க சொல்றது சரிதானே" என்றாள் ஊசி. சொன்னபிறகு எழுந்து சமையலறைக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஏற்கெனவே கழற்றி உள்ளே வைத்திருந்த எட்டும் சேர்த்து நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், இதைத் திரும்ப எடுக்க முடியாது, சரியா என்று கேட்கும். பதினேழாவதுக்கு வந்திருந்தாள். அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். அரைநாள் லீவு போட்டிருந்தார். நாத்தனார் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தள்ளு. எதை அமுக்கணும்னு சொல்லு, நான் அமுக்கறேன்."

அவள் மவுஸை விட்டாள். அவர் எண்ணெய் படிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். பச்சைப் பாவாடை. கழுத்து உயர்ந்த வெள்ளைச் சட்டை. மழைக்கோட்டு. ஆறு வருடமாக அந்த அறையில் தூங்கி எழுந்தவர், திரையை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல்தடவை.

சாம்பல் நிறத்தில் ஒரு நீள அங்கி வந்தது. தோளில் இருந்து ஒரே மடிப்பாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே மூன்றாகப் பிரியும். அந்த ஒரு மடிப்புக்கு அவளுக்கு இருபது நாள் ஆனது. அவர் விரல் அமுக்காமல் நின்றது.

"இது துணியேதான்" என்றார். "பிடிச்சா கையில வர்ற மாதிரி இருக்கு. இதை நீயா பண்ணினே?"

"ம்."

"எங்கிட்ட காட்டவே இல்லையே."

"நீங்க கேக்கலியே."

அவர் திரையில் அந்த மடிப்பை விரலால் தொட்டார். "இதையுமா?"

"அதையும்தான்."

"ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கிட்டா அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போவுது."

ஊசி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஆகி ஐந்து நிமிஷம். இன்னும் பதினொன்று மிச்சம்.

"அமுக்குங்க" என்றாள். "நேரமாகுது."