தங்கை வேஷத்துக்கு எடுத்த மீசை

நேற்று மகன் மீசையைச் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்து நின்றான். வீட்டில் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சவுக்கார மணத்தில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு அங்கே நான் புது வாத்தியார். தலைமை வாத்தியார் ஞானமுத்து ஐயா ஒரு பழைய கிரேக்க நாடகத்தைத் தமிழாக்கியிருந்தார். ராஜாவின் தடையை மீறி ஒரு தங்கை, செத்துப்போன அண்ணன்மேல் மூன்று பிடி மண் போடுகிறாள், கதை அவ்வளவுதான். உடுப்பு மட்டும் நம்மூர் உடுப்பு. அதுதான் ஐயா செய்த புதுமை. ராஜாவாகிய நான் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக, ஜமாபந்திக்கு வந்த தாசில்தார் மாதிரி இருந்தேன்.

தங்கை வேஷம் கணக்கு வாத்தியார் சங்கரலிங்கத்துக்கு. சைவ வீட்டுப் பிள்ளை. பூஞ்சைக் குரல், அதற்குச் சம்பந்தமே இல்லாத முரட்டு மீசை. எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“எழவு விழுந்தாத்தான் எங்க வீட்டுல மீசைய எடுப்பாங்க. யாரு செத்தான்னு தெருவே கேக்கும் வே.”

ஒரு மாதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே அழுது நடித்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் என் பங்கு கொஞ்சம் அதிகம்.

அவருக்கு ஒரு அண்ணன். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்காகத் தகப்பனார் அவரைத் தலைமுழுகியிருந்தார். அவனோடு ஒட்டுறவு வைக்கிறவனும் இந்தப் படி ஏறக் கூடாது என்று உத்தரவு. கல்யாணமாகாத அந்த மனிதர் காய்ச்சலில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நான் போயிருந்தேன், தம்பி வரவில்லை.

மறுநாள் ஒத்திகைக்குச் சங்கரலிங்கம் வந்தார். மீசை இல்லை. ஆற்றில் முங்கி வந்த தலை இன்னும் காயவில்லை.

“வீட்டுல என்ன வே சொன்னீரு?” என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லல. அப்பாவுக்கும் சேதி தெரியும். மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாரு. ‘நாடகத்துக்குத்தானலே?’ன்னு அவரே கேட்டாரு. ஆமான்னேன்.”

அன்று அவர் வாயை மூடாமல் அழுதார். வாளியிலிருந்து ஆற்று மணலை மூன்று பிடி அள்ளிப் போட்டார். ‘யார் போட்டது இந்த மண்ணை?’ என்று நான் கர்ஜிக்க வேண்டும். ஐயா இரண்டு தடவை அடியெடுத்துக் கொடுத்தும் எனக்கும் அழுகைதான் வந்தது.

நாடகம் சுமாராக நடந்தது. மீசையும் வளர்ந்துவிட்டது. இன்று ஐயா இல்லை, சங்கரலிங்கமும் இல்லை. மீசையில்லாத முகத்தைப் பார்த்து யார் செத்தது என்று இப்போது எந்தத் தெருவும் கேட்பதில்லை.