ஒன்பதாம் படியோடு நின்ற படிபூஜை

திருத்தணிக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். மொட்டை, காவடி, கல்யாணம், புதுக் கார். எங்களைப் போக வைத்தது ஒரு பென்டிரைவ். கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை, என் லேப்டாப்பின் பக்கவாட்டில் அது சொருகியிருந்தது. இளஞ்சிவப்பு நிறம், விரல் நீளம். உள்ளே என்ன கோப்பு இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடினேன். ஒன்றும் திறக்கவில்லை. வைரஸாக இருக்கும் என்று பிடுங்கி, மூக்கருகே கொண்டுபோனேன். தர்பூசணி வாசனை. "இப்பல்லாம் பென்டிரைவுக்கே சென்ட் போட்டுத் தராங்க பாரேன்" என்று மனைவி கலாவிடம் காட்டினேன். கலா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வாங்கிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது வேப். நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உறிஞ்சும் கருவி. என் லேப்டாப்பில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரி, பதினோராம் வகுப்பு படிக்கும் எங்கள் ஒரே மகள். இந்தப் பதிவை அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். மூன்று வரிகளை அடித்துவிட்டாள், பெயரையும் மாற்றச் சொன்னாள். நான் குப்பம்மாள் என்று வைக்கலாமென்றேன். அவள் தாரிணி என்றாள். ஆகவே தாரிணி.

நம் நாட்டில் இதை விற்பதே சட்டப்படி குற்றம். ஆனாலும் பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்துக்கு பைக்கில் ஒருவன் வந்து, சாக்லேட் மாதிரி கொடுத்துவிட்டுப் போகிறான். "பழ வாசனைதான், வெறும் ஆவிதான்" என்று ஒரு தோழி சொல்ல, இவளும் நம்பியிருக்கிறாள். ஆறு மாதத்தில் மாடி ஏறினால் இளைப்பு, காலையில் எரிச்சல், படிக்க உட்கார்ந்தால் கை தேடும் நிலை. நாங்கள் அதற்கெல்லாம் கணக்குப் பாடம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை எதிர்வீட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். மறுநாளிலிருந்து நான் போலீஸ். தினமும் பை சோதனை, வாய் முகர்தல், நாட்காட்டியில் ஒரு டிக். தாரிணி "விட்டுட்டேன்பா" என்றாள். நாற்பத்தெட்டு டிக் சேர்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மண்டலம் முடிந்துவிட்டதே! திருத்தணியில் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் படிபூஜை செய்வதாக, அவளைக் கேட்காமலே அவள் பேரில் வேண்டிக்கொண்டேன். அதோடு விட்டேனா? சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்தேன். காரணத்தை மட்டும் 'படிப்புக்காக' என்று மாற்றிப் போட்டேன். என் நாணயம் அந்த அளவுக்கு.

தை மாதம் இரண்டாவது ஞாயிறு. அம்பத்தூரில் காலை 5.40க்கு மின்சார ரயில். ஆளுக்கு இருபது ரூபாய். திருவள்ளூர் தாண்டியதும் கூட்டம் குறைந்து ஜன்னல் கிடைக்கும். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வயலின் மேல் பனி படுத்திருந்தது. அரக்கோணத்தில் பாதி ரயில் இறங்கிவிடும். அங்கிருந்து திருத்தணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். வழி முழுக்க தாரிணி பேசவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

7.35க்கு இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படி வழியா, ரோடு வழியா சார்?"

"படி வழிதான். படிபூஜை."

"ஆங்... பூஜை யாரு செய்யறது? நீங்களா?"

"பொண்ணு."

"அப்ப சரி" என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார். சரவணப் பொய்கைப் பக்கம் படியடிவாரம் வரை நூறு ரூபாய்.

படி தொடங்கும் இடத்தில் வரிசையாகப் பூஜைக் கடைகள். முதல் கடையில் இருந்தவர் ராணியம்மா. நாற்பது வயதிருக்கும். ஒரு வாடிக்கையாளரிடம் தமிழில் விலை சொல்லி, அடுத்தவரிடம் தெலுங்கில் பேரம் பேசி, நடுவில் யாரையோ போனில் திட்டிக்கொண்டும் இருந்தார்.

"வா நைனா, எத்தினி படிக்கு?"

"எல்லாப் படிக்கும்."

"அப்ப பெரிய செட்டு வாங்கிக்கோ. மஞ்சா, குங்குமம், கற்பூரம் எல்லாம் கீது. நூத்தி எண்பது ரூபா. பாப்பா, குனிஞ்சி குனிஞ்சி வெக்கணும், இடுப்பு தாங்குமா?"

தாரிணி தலையாட்டினாள். படிபூஜையைப் பார்த்திராதவர்களுக்கு: ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு கற்பூரத்துண்டை ஏற்றிவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். படி ஒன்று ஆண்டின் ஒரு நாளுக்கு. முன்னே போனவர்களின் கற்பூரம் படிப்படியாக எரிந்து மலைமேல் போய்க்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் அந்த வெளிச்சம் ஏறுவதைப் பார்த்ததும் எனக்கு வாய் மூடிவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே ஓர் அதிசயம்.

தாரிணி முதல் படியில் குனிந்தாள். மஞ்சள், குங்குமம், கற்பூரம். இரண்டாவது, மூன்றாவது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படிக்கும் ஏதோ கணக்கு ஒப்புவிப்பதுபோல வைத்தாள். நான் பின்னால் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், வாட்ஸ்அப் குழுவுக்காக. ஒன்பதாம் படியில் கற்பூரத்தை ஏற்றினாள். அடுத்த படியில் கை வைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீழேயிருந்து ராணியம்மா குரல் கொடுத்தார். "இன்னா பாப்பா, ஒம்போதுலயே குந்திக்கினியே! இன்னும் முந்நூத்துச் சொச்சம் கீது!"

"மூச்சு வாங்குதா?" என்று கலா கேட்டாள்.

"இல்லம்மா. அவ்வளவுதான். இதுக்கு மேல என்னோடது இல்ல."

எனக்குப் புரியவில்லை. கேமராவையும் நிறுத்தவில்லை. தாரிணி முதலில் அதை வாங்கி அணைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நாப்பத்தெட்டு நாள்னு நீதான்பா எண்ணின. பொங்கல் லீவுல பிரெண்டு வீட்ல ஒரு தடவ இழுத்துட்டேன். அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ, பஸ் ஸ்டாப்ல. அப்புறம் விட்டு இன்னிக்கோட ஒம்போது நாள். ஒரு படி ஒரு நாள்தானே? ஒம்போது படிதான் வெக்க முடியும். மிச்சத்துக்கு வெச்சா சாமிகிட்ட புளுகுறது."

பிள்ளை உண்மையைச் சொன்னதும் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அதுவல்ல. "ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்டி! நாப்பத்தெட்டு நாளா என்னை முட்டாளாக்கினியா?" என்று கத்தினேன். மொட்டையடித்த ஒரு குடும்பம் வரிசையாக நின்றிருந்தது, பத்து மொட்டைத் தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

ராணியம்மா கையில் விளக்குமாறோடு படியேறி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குங்குமம் சிந்திய படியைப் பெருக்க வந்திருக்கிறார். வந்த வேகத்தில் எனக்கும் கொடுத்தார்.

"இன்னா சார் நீ? அந்த முருகனே கோவத்தெ எறக்கி வெக்கத்தான் இங்க வந்து குந்தினாரு. நீ ரயிலேறி வந்து புதுசா ஏத்திகினு கீறே? பாப்பா இன்னா தப்பு பண்ணிச்சி?"

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். தாரிணியே சொன்னாள். "வேப் அடிச்சேன் ஆன்ட்டி. விட முடியல."

ராணியம்மா விளக்குமாறைக் கீழே வைத்தார். "அந்தப் பேனா மாதிரி கீதே, அதுவா? எங்க பெரியப்பா மொவன் ஆர்.கே.பேட்டையில தறிக்குப் போறான், அவன் பையன்கிட்டயும் கெடச்சிது. அடிச்சி தொவைச்சாங்க. அவன் இன்னும் நல்லா ஒளிச்சி வெக்கக் கத்துகினான்." என் பக்கம் திரும்பினார். "இது தானா வந்து சொல்லுது. நீ தொண்டை கிழியக் கத்துற."

பிறகு கடையைப் பார்த்துக் கீழே இறங்கியவர், பாதியில் நின்று தொழில் பேசினார். "பிரிச்ச செட்டு வாபஸ் எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"

நான் ஒன்பதாம் படியில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் கோபத்தில்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் பேசாமல் முந்நூற்று அறுபத்தைந்தும் பூசியிருக்கலாம். மேலே போய் விபூதி பூசிக்கொண்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை பேர் நடுவில், அப்பனின் பெருமையெல்லாம் கவிழும் என்று தெரிந்தும், தன் படி எது என்று எண்ணி அங்கே நிறுத்திக்கொண்டாளே! எனக்கு ஐம்பத்தொரு வயது. எந்தப் படியிலும் நான் அப்படி நின்றதில்லை. கீழே ஒன்பது கற்பூரங்கள் எரிந்துகொண்டிருந்தன. மேலே போன நெருப்பு வரிசையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு, இந்த ஒன்பதுக்கு முன் ஒன்றுமேயில்லை.

மண்டலம் என்று கணக்குப் போட்டதே என் தப்பு. விரதம் முடிந்தால் மாலையைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நிக்கோட்டினுக்கு நாற்பத்தெட்டாம் நாள் தெரியாது. நான் டிக் போடப் போட, இடையில் வழுக்கியதைச் சொல்ல அவளுக்கு இடமே இல்லாமல் போயிருக்கிறது. சொன்னால் நாட்காட்டி கெட்டுவிடும்.

மிச்சம் முந்நூற்று ஐம்பத்தாறு படிகளையும் பூஜையில்லாமல் சும்மா ஏறினோம். சும்மா என்றால் என் முட்டி ஒத்துக்கொள்ளாது. நூற்றி இருபதில் முதல் ஓய்வு, இருநூறில் இரண்டாவது. தாரிணிக்கும் இளைத்தது. இருநூறாம் படியில், மூச்சு வாங்கும் தைரியத்தில், நானும் ஒன்றை அவிழ்த்துவிட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் சிகரெட் பிடிச்சேன். விட்டுட்டேன்னு உங்கம்மாகிட்ட சொன்னப்புறமும் ரெண்டு வருஷம் பிடிச்சேன்."

"தெரியும்" என்றாள் கலா.

"எப்படித் தெரியும்?"

"தினமும் ஆபீஸ் விட்டு வரப்போ புதினா மிட்டாய் வாசனை. எந்த ஆபீஸ்ல தினமும் புதினா மிட்டாய் குடுக்குறாங்க?"

தாரிணி சிரித்தாள். நாற்பத்தெட்டு நாளில் நான் பார்க்காத சிரிப்பு. "எத்தன தடவப்பா வழுக்கின?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை. அதையும் சொன்னேன்.

9.20க்கு மேலே சேர்ந்தோம். பொது வரிசையில் நாற்பது நிமிடம். சந்நிதியில் என்ன வேண்டுவது என்று தெரியாமல் நின்றேன், பட்டியல் முழுக்க மாறிப்போயிருந்தது. வெளியே வந்து மதில் ஓரம் நின்றால் பனி விலகியிருந்தது. கீழே ஊர், குளம், நூல்போல ரயில் பாதை, வடக்கே ஆந்திரத்து மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போயின. மூவரும் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு இறங்கி, அடிவாரத்தில் இட்லியும் வடகறியும் தின்றோம். மூன்று பேருக்கு இருநூற்றுப் பத்து. மிச்சம் மஞ்சளையும் கற்பூரத்தையும் பெரிய குடும்பத்தோடு படிபூஜைக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்தோம்.

திரும்பும் ரயிலில் தாரிணியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், இந்த முறை போலீஸ் குரலில்லாமல். எப்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?

"நாலே கால். ஸ்கூல் விட்டு பஸ் வர இருபது நிமிஷம் ஆகும். அந்த பைக்காரன் அப்பதான் வருவான். எல்லாரும் வாங்குவாங்க. நான் சும்மா நிக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீ போன் பண்ணேன். அதப் பத்திக் கேக்காத. உன் வழக்கமான ஊர் வம்பு ஏதாச்சும் பேசு."

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். செவ்வாயும் கிருத்திகையும் கூட்டம் தாங்காது, வேறு நாளில் போங்கள். படியேறுவதென்றால் எட்டு மணிக்குள் தொடங்குங்கள், வெயில் வந்தால் கல் சுடும். முடியாதவர்களுக்கு மேலே வரை வண்டி போகும் சாலை இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம். ரயில் நேரத்தை முதல் நாளே சரிபாருங்கள். எட்டொன்பது மணி நேரத்தில் சென்னைக்காரர்கள் போய்த் திரும்பிவிடலாம். மூன்று பேருக்கு எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் கொஞ்சம். பென்டிரைவ், மார்க்கர், லிப்ஸ்டிக் மாதிரியெல்லாம் இந்தச் சனியன் வருகிறது. பழ வாசனை வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கண்டுபிடித்தால் கத்தத் தோன்றும், கத்துவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நாங்கள் திருத்தணியிலிருந்து வந்த மறுநாள்தான் குடும்ப மருத்துவரிடம் போனோம், கண்டுபிடித்த முதல் நாளே போயிருக்க வேண்டும். நிக்கோட்டின் பிடியை மன உறுதியால் மட்டும் அவிழ்க்கச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்று அவர்தான் புரியவைத்தார். பைக்காரனைப் பற்றிப் பள்ளியில் சொன்னோம், தாரிணியின் பெயரைச் சொல்லாமல். பிள்ளையை உளவாளியாக்காதீர்கள், நாளை அதே வகுப்பில்தான் அவள் உட்கார வேண்டும். வழுக்கினால் வந்து சொல்லலாம் என்று வாயால் சொன்னால் போதாது. சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என் முகம் இன்னும் பயிற்சியில் இருக்கிறது.

நாட்காட்டியில் டிக் போடுவதை நிறுத்திவிட்டேன். எத்தனையாவது நாள் என்று நான் கேட்பதில்லை. நாலே காலுக்கு மட்டும் அலுவலக மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நேற்று எதிர்வீட்டுக்காரர் மைத்துனரோடு போட்ட சொத்துச் சண்டையைச் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் சண்டை தீர்ந்துவிட்டது, சமாதானமும் ஆகிவிட்டது, எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. "சரி, வெச்சிடவா?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நிற்கும் சத்தம்.

"வெக்காதப்பா" என்றாள். "பஸ் இன்னும் வரல. அப்புறம் மைத்துனர் என்ன சொன்னாரு?"

மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.