சொட்டு ஏறிய கையில் எடுத்த ரத்தம்

பொம்மிடி ஸ்டேஷனில் புளி மூட்டை தூக்கிய காலத்தில் வந்தது எனக்குக் குடலிறக்கம். எந்த மூட்டையில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வருஷங்களை ஓட்டிவிட்டு, போன மாசம்தான் ஆபரேஷனுக்குத் துணிந்தேன். முந்தின நாளே படுக்க வைத்தார்கள். பயத்தில் சோறு தண்ணி ஒன்றும் இறங்கவில்லை, தலை சுற்றியது, இடது கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ரத்தம் எடுக்க வந்த நர்சம்மா வலது கையைக் கேட்டார்.

"சோத்துக் கைங்கம்மா இது. இதுல குத்துனா களி எப்பிடித் திங்கறது?"

"இன்னிக்குக் களியே கெடையாதுங்க தாத்தா!"

நான் கையை முதுகுக்கடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன். அவர் முணுமுணுத்தபடி, சொட்டு ஏறும் கையிலேயே முழங்கை மடிப்பில் குத்தி எடுத்துப் போனார்.

சாயங்காலம் டாக்டர் சீட்டோடு வந்தார். "பெரியவரே, ரத்தத்துல செவப்பு பாதிதான் இருக்குது. சக்கரை எக்கச்சக்கம். நாளைக்கு ஆபரேஷன் முடியாதுங்க."

என் மனைவி பிடித்துக்கொண்டாள். "கடுங்காப்பியா குடிச்சா ரத்தம் எங்கிருந்து ஊறும்? திருட்டுத்தனமா ஜிலேபி வேற தின்னீங்களா?"

சத்தியமாக இல்லை. தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். மறுபடி பெல்ட்டா என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஆய்வுக்கூடத்து அம்மா விறுவிறுவென்று வந்தார். சீட்டைப் பார்த்ததும் சந்தேகமாம். தொங்கிய பாட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"எந்தக் கையிலங்க எடுத்தாங்க?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பாதி உங்க ரத்தம், பாதி பாட்டில் தண்ணி! அதைத்தான் அளந்திருக்கறோம்."

இந்த முறை வலது கையை நானே நீட்டினேன். குச்சி போன்ற கண்ணாடிக் குழாயில் என் ரத்தத்தை ஏற்றி, மிஷினில் சுற்றவிட்டு, கொண்டுவந்து காட்டினார். மோர் தெளிந்தாற்போல மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் கெட்டிச் சிவப்பு.

"இதாங்க உங்க சொந்தச் சரக்கு. பயில்வான் கணக்கா இருக்குது. சக்கரையும் சரியாத்தான் இருக்குது."

டாக்டரும் பார்த்தார். "காலையில மொத ஆளு நீங்கதான்."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் ஆடியது, பக்கத்துக் கட்டில்காரரும் காரணம் தெரியாமலே சேர்ந்துகொண்டார். என் மனைவி என் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

"அடக்குங்க, குடல் வெளிய வந்துரும்!"

"வரட்டும் புள்ள! விடிஞ்சா உள்ள தள்ளித் தெச்சிருவாங்க!"