அருணகிரியின் ஞானப்பல்

ஆரணியில் அருணகிரியைத் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்துப் புடவையாக வாங்குகிறவர். நெய்து வந்த புடவையை விரித்து, இல்லாத குறையைக் கண்டுபிடித்து, நெய்தவரை நாலு பேர் முன்னால் திட்டுவார். அதைத்தான் அவர் தொழில் என்று நினைத்திருந்தார். அந்த வாயின் கோடியில் ஞானப்பல் ஒன்று கோணலாக முளைத்து உயிரை வாங்கியது. ஞானம் என்ற பேரில் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

பல்லைப் பிடுங்கிய டாக்டர் மணிமேகலை பொறுமையாகச் சொன்னார். "குழியில ரத்தம் உறைஞ்சி நிக்கணுங்க. புகையிலை கூடாது, துப்பக் கூடாது. மாத்திரைய முழுசா முடிங்க."

"எனக்கே பாடமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கடை நடத்திகினு இருந்தவன்மா நானு," என்று எழுந்துவிட்டார்.

மறுநாளே புகையிலை வாய்க்குள் போனது. தெருவில் நின்று துப்பினார். வலி கொஞ்சம் அடங்கியதும், மனைவி ஹேமலதா எடுத்துக் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் வீசினார். வலி திரும்பி வந்தது. காது வரை குத்தியது. யாரோ போனில் சொன்னார்கள் என்று குழியில் படிகாரத்தை அடைத்தார். வாய் நாறியது, காய்ச்சல் வந்தது, கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. அப்போதும் தப்பு அவருடையது இல்லை.

"அந்தப் பொம்பள தாடைய ஒடச்சிட்டா," என்று பல்லைக் கடித்தபடி முனகினார். நியாயம் கேட்கத் துணைக்குத் தன்னிடம் நெய்யும் சடையப்பனை இழுத்துக்கொண்டு போனார். ஹேமலதாவும் பின்னாலேயே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அருணகிரி கத்துவதற்கு வாயைத் திறந்தார். ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஊளை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றார் டாக்டர்.

"உங்கள திட்டறாருங்க," என்றாள் ஹேமலதா, எல்லார் காதிலும் விழும்படி. "மாத்திரைய குப்பையில போட்டாரு. புகையிலை போட்டு துப்பிகினே இருந்தாரு. இப்ப பழிய உங்க மேல போட வந்துகிறாரு."

சடையப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "சீழ் கழுத்துக்கு எறங்கிகினு இருக்கு. மூச்சுக்கே ஆபத்து, ஜல்தியா கெளம்புங்க," என்று வேலூருக்கு அனுப்பிவைத்தார். அங்கே தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

திருந்தினாரா என்றால், இல்லை. தக்க சமயத்தில் தானே முடிவெடுத்து வேலூருக்குப் போனதால்தான் உயிர் தப்பியதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் தழும்பைக் காட்டிச் சொல்கிறார். ஹேமலதா அதைக் கேட்டுக்கொண்டே புடவைகளை மடித்து வைக்கிறாள். மறுத்துப் பேசும் அளவுக்குக்கூட அவள் இப்போது அவரை மதிப்பதில்லை.